அபராதம் கட்டினால் மட்டும் லைசென்ஸ் திரும்பி வராது

குடித்துவிட்டு வண்டி ஓட்டியது என் தப்பு. அதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் பிடிபட்ட பிறகு எந்தக் காகிதம் எந்த ஆபீசுக்குப் போகிறது, எத்தனை நாளுக்குள் யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்று எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. நான் டிரெய்லர் ஓட்டுகிறவன். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கும் நடுவில் கன்டெய்னர் அடிப்பதுதான் பிழைப்பு. பிடிபட்டதோ பைக்கில். பைக்கில் பிடிபட்டாலும் போவது ஹெவி லைசென்ஸும் சேர்த்துத்தான் என்பதே எனக்கு அன்றைக்குத் தெரியாது.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு ராத்திரி. காசிமேட்டில் அக்கா பையனுக்குக் காது குத்து. முடித்துக்கொண்டு எர்ணாவூருக்குத் திரும்பும்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மறித்தார்கள். "தம்பி, ஊதுப்பா" என்றார் எஸ்.ஐ. புதுக் குழாயை என் கண்ணெதிரே பிரித்து மாட்டினார். 62 என்று காட்டியது. சட்டத்தில் உள்ள வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். பைக்கையும் லைசென்ஸ் கார்டையும் வாங்கிக்கொண்டு ஒரு ரசீதும், மெஷினிலிருந்து வந்த சின்னத் துண்டுச் சீட்டும் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்துத் தேவைப்பட்டு எடுத்துப் பார்த்தால் வெள்ளைக் காகிதம்தான் இருந்தது. வெயில் பட்டால் எழுத்து வெளுத்துப்போகும் தாள் அது. அன்றைக்கு ராத்திரியே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் எண், நேரம், அளவு மூன்றும் அதில்தான் இருக்கும்.

குடிக்கவே இல்லை, மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்றால் அதைச் சொல்ல வேண்டிய இடம் ரோடுதான். வாயில் மருந்தோ மவுத்வாஷோ தங்கியிருந்தால் அளவு ஏறும். தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனைக்குத் தயார் என்று சொல்லுங்கள், கையெழுத்துப் போடும் இடத்தில் அதை எழுதவும் செய்யுங்கள். குடித்துவிட்டு ஓட்டியதற்கான 185-ஆம் பிரிவில் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 202-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் ஊத மாட்டேன் என்று மட்டும் அடம்பிடிக்க வேண்டாம். காரணமில்லாமல் மறுத்தால் அந்த மறுப்பையே உங்களுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. எனக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. நான் குடித்திருந்தேன்.

ரசீதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நிறைய டிரைவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி எடுக்கிறார்கள். 206-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அந்த ரசீது வண்டி ஓட்ட அனுமதி ஆகாது, லைசென்ஸ் கைக்கு வந்தால்தான் ஓட்டலாம். எங்கள் சூப்பர்வைசர் விவரம் தெரிந்தவர். "கார்டு இல்லாம சாவி தர மாட்டேன்பா, யார்டுல நில்லு" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த வார்த்தைதான், அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

185-ஆம் பிரிவு கேஸ் ரோட்டிலேயே அபராதம் கட்டி முடிக்கிற கேஸ் இல்லை, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். முதல் தடவை என்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்னால் 2,000 வரைதான் இருந்தது. மறுபடி மாட்டினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 15,000, அல்லது இரண்டும். முன்பு 3 வருடத்துக்குள் மறுபடி மாட்டினால்தான் இரண்டாம் தடவைக் கணக்கு. அந்த வரியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது எத்தனை வருடம் கழித்து மாட்டினாலும் இரண்டாம் தடவைதான்.

பிப்ரவரி 21 அன்று கோர்ட்டில் என் பேரைக் கூப்பிட்டார்கள். ஒத்துக்கொண்டேன். 10,000 கட்டினேன், பைக்கை எடுத்துக்கொண்டு வந்தேன். மொத்தம் பத்து நிமிஷ வேலை. அதோடு கதை முடிந்தது, கார்டு தபாலில் வீட்டுக்கு வந்துவிடும் என்று நம்பினேன். நான் ஏமாந்த இடம் இதுதான், என்னைப் போல ஏமாறுகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன். கோர்ட் ஒரு பாதை, ஆர்டிஓ இன்னொரு பாதை. பிடித்த பிறகு போலீஸ் உங்கள் லைசென்ஸை ஆர்டிஓவுக்கு அனுப்பிவிடுகிறது. லைசென்ஸை நிறுத்திவைக்கும் அதிகாரம் போலீசுக்குக் கிடையாது, பிடித்து அனுப்பத்தான் முடியும். கல்கத்தா உயர் நீதிமன்றம் 2022-இல் ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நிறுத்திவைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஆர்டிஓ, 19-ஆம் பிரிவின்படி. கோர்ட்டில் பணம் கட்டிய ரசீதுக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை.

கோர்ட்டில் ஒத்துக்கொள்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, குற்றத்தை ஒத்துக்கொண்டால் அந்தத் தீர்ப்பை எதிர்த்துப் பிறகு அப்பீல் போக முடியாது. தண்டனை அதிகம், சட்டப்படி சரியில்லை என்று மட்டும்தான் பேசலாம். இரண்டாவது, கோர்ட்டுக்கே லைசென்ஸை முடக்கும் அதிகாரம் தனியாக இருக்கிறது. 20-ஆம் பிரிவின்படி 185-இல் தண்டனை கொடுத்தால் 6 மாதத்துக்குக் குறையாமல் தகுதி நீக்கமும் செய்ய வேண்டும். என் உத்தரவில் அபராதம் மட்டும்தான் இருந்தது. ஆனால் அதையே நான் ஏப்ரலில்தான் உறுதி செய்துகொண்டேன், ஏனென்றால் உத்தரவு நகல் வாங்கவில்லை. நீங்கள் அன்றைக்கே நகல் மனு போடுங்கள். அதில் தகுதி நீக்கம் இருந்தால் ஆர்டிஓவிடம் போய்க் கெஞ்சிப் பயனில்லை, செஷன்ஸ் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். தீர்ப்பின்மேல் அப்பீல் இல்லாத நிலையிலும் தகுதி நீக்கத்தை மட்டும் ரத்து செய்யவோ குறைக்கவோ அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று அதே 20-ஆம் பிரிவில் இருக்கிறது. இது தெரியாமல் 'ஒத்துக்கிட்டோமே, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது' என்று உட்கார்ந்துவிட வேண்டாம். 30 நாள்தான் கெடு.

மார்ச் போனது. கார்டு வரவில்லை. ஏப்ரல் 21 அன்று லீவு போட்டுவிட்டு ஆர்டிஓ ஆபீசுக்குப் போனேன். வாசலிலேயே ஒரு புரோக்கர் பிடித்துக்கொண்டார். "ரெண்டு நாள்ல கார்டு கைல இருக்கும்ணே" என்றார். 3,500 கொடுத்தேன். அந்தப் பணம் போனதுதான். நிறுத்திவைத்த லைசென்ஸ் கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும். உத்தரவு மாறாமல் அந்தப் பதிவை மாற்ற எந்தப் புரோக்கராலும் முடியாது. லைசென்ஸ் விவரங்களுக்கான அரசின் 'சாரதி' இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் நிலைமை என்ன என்று காட்டிவிடும். செலவில்லாமல் வீட்டிலிருந்தே நான் பார்த்திருக்கலாம்.

கவுன்டரில் இருந்தவர் ஃபைலை எடுத்துப் பார்த்துவிட்டு, "நோட்டீசுக்குப் பதில் போடலியே, ஆர்டர் போட்டாச்சே" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. எந்த நோட்டீஸ்? மார்ச் 3 தேதியிட்ட நோட்டீஸ் பதிவுத் தபாலில் என் பழைய காசிமேடு வீட்டுக்குப் போயிருக்கிறது. வீடு மாறி நான்கு வருடம் ஆகிறது, லைசென்ஸில் முகவரியை மாற்றவே இல்லை. கவர் திரும்பி வந்து ஃபைலிலேயே குத்தியிருந்தது. நீல மையில் தபால்காரர் எழுதிய 'வீடு மாறிவிட்டார்' என்ற இரண்டு வார்த்தையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் வரவில்லை என்று பதிவு செய்து ஏப்ரல் 2 அன்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து 3 மாதம், எல்லா வகை வண்டிக்கும். அதாவது ஜூலை 1 வரைக்கும். பிப்ரவரி 9-இலிருந்து நான் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்த ஏழு வாரமும் கணக்கிலேயே வரவில்லை.

நோட்டீஸ் கைக்கு வந்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்பதுதான் முக்கியம். 2019-இல் 19-ஆம் பிரிவில் சேர்த்த பகுதியின்படி, பிடித்து அனுப்பிய லைசென்ஸ் விஷயத்தில் ஆர்டிஓ உங்களைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்று உங்களை விடுவிக்கலாம். இல்லையென்றால் காரணத்தை விரிவாக எழுதி முதல் தடவைக்கு 3 மாதம் நிறுத்திவைக்கலாம். இரண்டாம் தடவை என்றால் லைசென்ஸே ரத்து. அதே பிரிவில் 'எல்லா வகை வண்டிக்கும் அல்லது ஏதாவது ஒரு வகைக்கு' என்றும் இருக்கிறது. வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரியது! பைக்கில் பிடிபட்டேன், பைக்குக்கு மட்டும் நிறுத்துங்கள், ஹெவியை விடுங்கள் என்று கேட்க இடம் இருக்கிறது. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் கேட்காதவனுக்குத் தானாகக் கொடுக்க மாட்டார்கள்.

ஆகவே பதிலை எழுத்தில் கொடுங்கள். இதுவரை எந்தக் கேஸும் இல்லை, விபத்து இல்லை, எத்தனை வருடமாக ஓட்டுகிறேன், வீட்டில் யார் யார் என் சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, கம்பெனி கடிதத்தைச் சேருங்கள். கடைசியில் வரிசையாகக் கேளுங்கள்: விடுவிக்க வேண்டும், முடியாவிட்டால் பிடிபட்ட வகை வண்டிக்கு மட்டும் நிறுத்த வேண்டும், லைசென்ஸைப் பறிகொடுத்த நாளிலிருந்து காலத்தைக் கணக்கிட வேண்டும், நேரில் பேச வாய்ப்பு வேண்டும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய் ஒன்றில் தபால் பிரிவில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் இல்லாத பிரதியைக் காட்டி, கொடுத்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. மிச்சம் இருந்தது மேல்முறையீடுதான். உத்தரவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். உத்தரவில் போட்டிருக்கும் தேதியிலிருந்து இல்லை, கிடைத்த நாளிலிருந்து. அதனால் அன்றைக்கே மனு எழுதிக் கொடுத்து உத்தரவின் நகலை வாங்கினேன், வாங்கியதற்கு '21.4.2025' என்று தேதி போட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். யாரிடம் மேல்முறையீடு போட வேண்டும் என்று உத்தரவின் அடியிலேயே இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் அங்கேயே எழுதி வாங்குங்கள். முழு ஃபைல் நகலும் கேட்டேன். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம், ஆனால் அவர்கள் பதில் தரவே 30 நாள் இருக்கிறது. அதற்குள் உங்கள் 30 நாள் ஓடிப்போகும். நேரடி மனுவும் சேர்த்துப் போடுங்கள்.

அந்த ஃபைலில்தான் எனக்கு உயிர் வந்தது. திரும்பி வந்த கவருக்கு அடுத்த தாளில் போலீஸ் அறிக்கை. அதில் நான் அன்று ராத்திரி சொன்ன எர்ணாவூர் முகவரியும் போன் நம்பரும் அப்படியே இருந்தன. ஒரே ஃபைலில் சரியான முகவரி இருக்க, பழைய முகவரிக்கு அனுப்பித் திரும்பி வந்ததும் விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் மேல்முறையீட்டின் முதல் பாயின்ட். வெறுமனே 'நோட்டீஸ் வரவில்லை' என்றால் நிற்காது. லைசென்ஸில் உள்ள முகவரிக்குச் சரியாக அனுப்பினால் போய்ச் சேர்ந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். முகவரியை மாற்றாமல் வைத்திருந்தது என் குறை, அதையும் மனுவிலேயே ஒத்துக்கொண்டு எழுதினோம்.

முதலில் ஹைகோர்ட்டுக்கே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு வக்கீல் 25,000 கேட்டார். இன்னொரு வக்கீலம்மா உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: "ரிட் போடலாம் தம்பி, ஆனா சட்டத்துல அப்பீல் இருக்கும்போது ஏன் நேரா வந்தேன்னுதான் முதல்ல கேப்பாங்க. விசாரணையே இல்லாம ஆர்டர் போட்டாங்கன்னு ஜெயிச்சாலும், திரும்ப விசாரிங்கன்னு ஆர்டிஓ கிட்டதான் அனுப்புவாங்க. அதுக்குள்ள உன் மூணு மாசம் முடிஞ்சிடும்." அரசியல் சட்டம் 226-ஆம் ஷரத்தில் போடும் அந்த ரிட் மனுவில் ஹைகோர்ட் பார்ப்பது அதிகாரம் இருந்ததா, வாய்ப்புக் கொடுத்தார்களா, காரணம் எழுதினார்களா என்பதைத்தான். 62 சரியா தப்பா என்று அங்கே ஆராய மாட்டார்கள். விபத்து கேஸில் எஃப்ஐஆர் போட்டதை மட்டும் வைத்து லைசென்ஸை நிறுத்தக் கூடாது என்று ஹைகோர்ட் சொன்ன தீர்ப்புகளை ஸ்டாண்டில் நிறைய பேர் காட்டுவார்கள். பஸ் டிரைவர்கள் வாங்கிய தீர்ப்புகள் அவை. கோர்ட்டில் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிய குடிபோதை கேஸுக்கு அவற்றை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். ரிட் தேவைப்படுவது அப்பீலிலும் காரணம் எழுதாமல் தள்ளினால், அல்லது லைசென்ஸையே ரத்து செய்துவிட்டால். அப்போது தயங்கக் கூடாது. பணம் இல்லாதவர்கள் 15100-க்கு போன் போடுங்கள், இலவசச் சட்ட உதவி நம்பர் அது. வருமான வரம்புக்குள் இருப்பவர்கள், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கு வக்கீலே கொடுப்பார்கள். எனக்கு இது 6,000 கொடுத்து மனு எழுதி வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஏப்ரல் 28 மேல்முறையீடு போட்டேன், மே 14 விசாரணை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. உள்ளே கேட்டதோ மூன்றே கேள்வி. பிப்ரவரி 9-க்குப் பிறகு ஓட்டினாயா என்பதுதான் முதல் கேள்வி. கம்பெனி கடிதத்தையும், என் பேர் இல்லாத டிரிப் ஷீட்டுகளையும், யார்டு வருகைப் பதிவு நகலையும் நீட்டினேன். சூப்பர்வைசர் அன்றைக்குச் சாவி கொடுத்திருந்தால் நான் செத்தேன். லைசென்ஸை நிறுத்திவைத்த காலத்தில், அதாவது தகுதி நீக்கத்தில் இருக்கும்போது ஓட்டினால் 182-ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000, அல்லது இரண்டும். அந்த நேரத்தில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த பணத்தை உங்களிடமோ முதலாளியிடமோ திருப்பிக் கேட்கும். பைக்குக்கு மட்டும் நிறுத்துங்கள் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. "நாற்பது டன் ஓட்டுறவரு இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார் அந்த அதிகாரி. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மே 23 உத்தரவில் 3 மாதத்தை பிப்ரவரி 9-இலிருந்து கணக்கிடச் சொல்லியிருந்தார்கள். அதாவது மே 8-உடன் முடிந்துபோன கணக்கு. அதையே மார்ச்சில் பதிலாகக் கேட்டிருந்தால் மே இரண்டாம் வாரம் வண்டியில் ஏறியிருப்பேன்.

காலம் முடிந்த உடனே கார்டு தர மாட்டார்கள் என்பது அடுத்த அடி. புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் திருப்பித் தர வேண்டும் என்று அதே 2019 திருத்தம் சொல்கிறது. எந்தப் பயிற்சி மையத்தின் சான்றிதழை ஏற்பார்கள் என்று ஆபீஸில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நிறுத்திவைத்த காலத்திலேயே போய் முடித்துவிட்டால் ஒரு நாள்கூட வீணாகாது. நான் மே 23-க்குப் பிறகுதான் தேடிப் போனேன், ஜூன் 5 ஆகிவிட்டது கார்டு கைக்கு வர.

அபராதம் 10,000, புரோக்கர் 3,500, வக்கீல் 6,000, பயிற்சி, ஜெராக்ஸ், நோட்டரி, பஸ் 2,700. டிரெய்லரில் பேட்டாவோடு மாதம் 26,000 வரும், யார்டில் 14,000. நான்கு மாதத்துக்கு அந்த வித்தியாசம் 48,000. மொத்தம் 70,200. பொண்ணு ஸ்கூல் ஃபீஸுக்கு வைத்திருந்த கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. வீட்டுக்காரி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

கார்டு வாங்கிய மறுநாள் காலையில் கம்பெனியில் காட்டினால், ஆன்லைனில் இன்னும் 'நிறுத்திவைக்கப்பட்டது' என்றே வந்தது. மறுபடி ஆபீசுக்கு ஓடி, மேல்முறையீட்டு உத்தரவு நகலையும் பயிற்சிச் சான்றிதழையும் வைத்து, பதிவை மாற்றித் தரச் சொல்லி மனு கொடுத்தேன். அதோடு சேர்த்து முகவரி மாற்றத்துக்கும் விண்ணப்பம் போட்டேன். ஜூன் 9 மத்தியானம் பதிவு மாறியது. கார்டை வாங்கும் அன்றைக்கே கவுன்டரில் நின்றபடி போனில் லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள், மாறவில்லை என்றால் நகராதீர்கள். அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் சாவியை நீட்டினார். காட்டுப்பள்ளி, நாற்பதடி, காலி பெட்டி.